மாட்டுக்கொட்டாயில் கோல்ஃப்

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையிலிருந்து பஸ் கிளம்பியது. முன் சீட்டில் இருந்த ஓர் அம்மா பக்கத்திலிருந்த கணவரிடம் சொன்னார்.

“கோல்ஃப் வெளையாடறதுக்கு மாட்ட வித்தது நாமளாத்தானுங்க இருக்கும்.”

“பையன் அந்த கோல்ஃப் மிஷின ஆசையா வாங்கியாந்துட்டான். தெரையப் பாத்துப் பந்தடிக்கறதாமா. ஊட்டுக்குள்ள வீசுனா மட்டை ஃபேன்ல இடிக்குது. மாட்டுக்கொட்டாய்தான் உசரம்.”

“செரி, மாட்ட வித்தாலும் கயித்தக் குடுக்கக் கூடாதில்லீங்க. செவலையோட கயிறு எங்கீங்க?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“விக்கலை அம்மிணி. மனசு வரலை. வண்டியேத்தி ஊட்டுக்கே அனுப்பிட்டேன்.”

“அப்பப் பையன்?”

“கொட்டாயில ஒரு ஓரமா வெளையாடட்டும்.”

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“செவலை மேல பந்து பட்டுச்சுன்னா, அன்னிக்குப் பால் அவன்தானுங்க கறக்கோணும்.”