நாலு தரம் எடுத்த புத்தகம்

இல்லைத் தம்பி, முதல்ல அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு இருங்கோ. நிண்டு கத்தினா எனக்கு ஒண்டும் விளங்காது. ஆ, இனிச் சொல்லுங்கோ. உங்கட மனிசி யதுஷா காலமை ஏழரைக்குப் பால் வாங்கவெண்டு கீழ இறங்கினவ, பத்தரையாகியும் வரேல்ல. போன் ஓஃப். நீங்க வீடெல்லாம் கிளறினீங்கள், மெத்தைக்குக் கீழ இந்தப் புத்தகம் கிடந்தது. உள்ளுக்க இமெல்டா லைப்ரரி, வெள்ளவத்தை எண்டு சீல் இருக்கு. நான்தான் இமெல்டா. சரி, புத்தகத்தைத் தாங்கோ பாப்பம்.

புயலுக்குப் பின் உன் தோளில். ஓம், என்ர புத்தகம்தான். குப்பை எண்டுறீங்களோ? நானும் அதைத்தான் சொல்லுறன். பதினெட்டு வருஷமா வாடகைக்குப் புத்தகம் குடுக்கிறன், இப்படி ஒரு குப்பையைக் காணேல்ல. நல்ல காலம் பிரவுண் பேப்பரில உறை போட்டு வச்சிருக்கிறன், இல்லாட்டி அட்டைப் படத்தைக் கண்டா கையாலயும் தொட மாட்டீங்கள். கதை என்ன தெரியுமோ? ஒரு பெட்டையைப் புருஷன் அடிக்கிறான். எட்டு அத்தியாயம் அடிக்கிறான். ஒன்பதாவதில அவ பெரிய சிவப்புச் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு மழைக்குள்ள ஓடுறா. பத்தாவதில ஆறடி உயரத்தில ஒரு பொலிஸ்காரன் குடையோட வந்து நிக்கிறான், உடன காதல். எந்த ஊரில தம்பி பொலிஸ்காரன் குடை பிடிச்சவன்? எனக்கும் ஒரு புருஷன் இருந்தவர். நானும் ஒருக்கா வாய் கிழிஞ்சு போய் ஸ்ரேஷனில நிண்டனான். அங்க இருந்தவன், வீட்டை போய்ச் சமாதானமா இருங்கோ மிஸ் எண்டான். குடை ஒண்டையும் நான் காணேல்ல.

பொறுங்கோ, போன் அடிச்சது. ஒண்டுமில்லை, உந்த ஒஃபர் மெசேஜ். நாள் முழுக்க அனுப்பிக்கொண்டே இருப்பாங்கள்.

என்ன, நாப்பத்தோராம் பக்கமோ? ஓ, இந்தக் குறியளையோ சொல்லுறீங்கள்? மீன் ஒண்டு, வட்டத்துக்குள்ள சிலுவை, நட்சத்திரம், நட்சத்திரத்துக்குப் பக்கத்தில மூண்டு புள்ளி, வட்டத்துக்குள்ள ஒரு ஒ. அதுக்கு? ஆரோ ஒருத்தன் இவவுக்குச் சிக்னல் குடுத்ததாமோ? மூண்டு புள்ளி எண்டா மூண்டு மணிக்குச் சந்திக்கச் சொல்லியோ? ஐயோ சாமி. அந்த ஒ எண்டது உங்கட கீழ் மாடி ஒஸ்வால்டோ? அந்தாளின்ர கதவிலயும் போய் உதைச்சிட்டோ இஞ்ச வாறீங்கள்? எழுபத்திரண்டு வயசு மனுசன், ரெண்டு கண்ணிலயும் கற்றரக்ட், படியிறங்கவே மகள் கை பிடிக்க வேணும். அவரோட உங்கட மனிசி ஓடினவ. நல்லா இருக்கு.

பாங்கில மனேஜர் எண்டு சொன்னவை உங்களை. நாலெழுத்துப் படிச்ச ஆள். ஒருநாளாவது வாடகைப் புத்தகம் தொட்டிருந்தா இது தெரிஞ்சிருக்கும். என்னட்டை வாறதில பாதிப் பேர் வயசு போன பொம்பிளையள். ஒரு கதையை எடுத்துக்கொண்டு போய் இருபது பக்கம் வாசிச்ச பிறகுதான், அட இதைப் போன வருஷம் வாசிச்சனே எண்டு யோசினை வரும். அதுக்காக ஆளுக்கொரு குறி. எல்லாரும் நாப்பத்தோராம் பக்கத்திலதான் போட வேணும் எண்டு நான்தான் சட்டம் போட்டனான். எடுக்க முதல் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பாப்பினம். தன்ர குறி இருந்தா வச்சிட்டு வேற எடுப்பினம். அவ்வளவுதான். மீன் இரத்தினம்மா. ஒ சாட்சாத் ஒஸ்வால்டின்ர மகள், தகப்பனுக்கு வாசிச்சுக் காட்டுறவ. நட்சத்திரம் ஆரோ? இருங்கோ, அதுக்கும் வருவன்.

அவசரப்படாதேங்கோ. புத்தகத்தில ஆள் ஒளிச்சிருக்கு எண்டு வந்தனீங்கள், வடிவாத் தேடுவம். கடைசி வெத்துப் பக்கத்தைப் பாத்தனீங்களோ? அதிலதான் வாசிச்ச ஆக்கள் பென்சிலால அபிப்பிராயம் எழுதுறது. என்ர கண்ணாடி எங்க? ஆ, இந்தா. கேளுங்கோ.

முதலாவது இரத்தினம்மா. கதை நல்லது, அடி சற்றுக் கூடிவிட்டது, காதல் காட்சி இன்னும் இரண்டு சேர்த்திருக்கலாம். பாத்தீங்களோ? அவவுக்கு அடி எண்டது கறிக்கு உப்பு மாதிரி. கூடினாத்தான் குற்றம். அடுத்தது நமசிவாயம் ஐயா, ரிட்டயர்ட் கணக்கு ஓடிற்றர். கணவன் தரப்பு நியாயத்தையும் எழுத்தாளர் காட்டியிருக்க வேண்டும். ஓம், காட்டத்தான் வேணும், ஒரு கை முறிச்சதுக்கு ரெண்டு பக்க நியாயம். அதுக்குக் கீழ சீனியம்மா எழுதியிருக்கிறா, ஒரு பிள்ளையைப் பெத்திருந்தால் அவன் திருந்தியிருப்பான் எண்டு. பிள்ளை எண்டா மருந்துக் குளிசையோ?

ஆனா எனக்கு விசர் வாறது இதுக்குத்தான். சாம்பவி, சட்டம் படிக்கிற பெட்டை. முதல் அடியிலேயே போயிருக்க வேண்டும், முட்டாள். மூண்டு ஆச்சரியக்குறி வேற. தகப்பன் காரில கொண்டு வந்து இறக்கி, காரிலயே ஏத்திக்கொண்டு போறவர். அவவுக்கு மற்றவள் முட்டாள். எங்க போறது எண்டு ஒருத்தரும் எழுதேல்ல பாருங்கோ. தாய் வீட்டுக்குப் போனா, ரெண்டு நாளில தமையன் கொண்டு வந்து விடுவான். பாஸ்போட்டும் அடையாள அட்டையும் புருஷன்ர அலுமாரிக்குள்ள. வெறுங்கையோட போய் நடு றோட்டில நிக்கிறதோ? நான் பதினொரு வருஷம் நிக்கிறதுக்கு இடம் தேடினனான் தம்பி. முட்டாளெண்டு ஆரும் சொன்னா இண்டைக்கும் நான் பொறுக்க மாட்டன்.

இதில இன்னொண்டு இருக்கு, அடியில, சின்ன எழுத்தில. கொஞ்சம் பொறுங்கோ, திரும்பவும் போன்.

ம்.

சரி. நல்லது. தேத்தண்ணி குடிக்கிறீங்களோ? வேண்டாமோ? எனக்கு இப்ப ஒண்டு குடிக்க வேணும் போல கிடக்கு.

அந்த அடியில இருக்கிறதை வாசிக்கிறன். சூட்கேசைத் தூக்கினால் கேற்றில் நிற்கிற வோச்சர் உடனே புருஷனுக்குப் போன் எடுப்பான். பால் வாங்கப் போகிற மாதிரித்தான் போக வேண்டும்.

தெரியுதோ கையெழுத்து? உங்கட மனிசியின்ரதான். இவ்வளவு பேரும் கதை வாசிச்சினம், அவ வழி பாத்திருக்கிறா. அந்த நட்சத்திரமும் அவதான். நான் அதை முதல் கவனிக்கேல்ல. மாசி மாசம் ரெண்டாந்தரம் கேட்டு வந்தா, இடது கையால வாங்கினா. வலது கை மாவுக்கட்டு. பாத்ரூமில வழுக்கினதாம். நான் நாப்பத்தோராம் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, பிள்ளை இதை நீர் வாசிச்சிட்டீர், இந்தா உம்மட நட்சத்திரம் எண்டன். தெரியும் மிஸ், திரும்பவும் தாங்கோ எண்டா. அப்பதான் விளங்கினது, இவ தேடுறது கதையை இல்லை எண்டு. திரும்ப எடுக்காமல் இருக்கத்தானே எல்லாரும் குறி போடுறது? இவ திரும்பத் திரும்ப எடுத்து, எடுக்கிற நேரமெல்லாம் ஒரு புள்ளி வச்சா. நாலு தரம். ஒரு நட்சத்திரம், மூண்டு புள்ளி.

கையை இறக்குங்கோ. இறக்குங்கோ எண்டுறன். நான் கொட்டாஞ்சேனையில பிறந்தவள், சத்தத்துக்குப் பயந்த ஆளில்லை. முன் கடை ஹமீட் நானா உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறார், நீங்க உள்ள வந்த நேரம் தொடக்கம்.

இருந்து கேளுங்கோ. அவ வெளிய போகேக்கயும் வரேக்கயும் ஹாண்ட்பாக்கைக் கட்டிலில கொட்டிப் பாப்பீங்களாமே? போனில ஆர் எடுத்தது எண்டு பாப்பீங்களாம். பில் எல்லாம் பாப்பீங்களாம். புத்தகத்தை மட்டும் தொடுறதில்லை. ஏனெண்டா அது பொம்பிளையளின்ர குப்பை. இந்தப் பிரவுண் பேப்பர் உறையைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கோ. அட்டைக்கும் பேப்பருக்கும் நடுவில. இப்ப ஒண்டும் இல்லை. முதல் தரம் புத்தகம் திரும்பி வரேக்க அதுக்குள்ள அடையாள அட்டை இருந்தது, ரெண்டாந்தரம் வந்த நேரம்தான் அதை எனக்குக் காட்டினவ. ரெண்டாந்தரம் டிகிரி சேட்டிபிக்கட், நாலா மடிச்சு. மூண்டாந்தரம் பாஸ்போட். ஒரேயடியா எடுத்தா அலுமாரி வெறிச்செண்டு தெரியுமாம், அதால ஒவ்வொண்டா. எல்லாம் இந்த மேசை லாச்சிக்குள்ளதான் கிடந்தது, நீங்க முழங்கையை ஊண்டிக்கொண்டு இருக்கிற இதுக்குள்ள. நாலாந்தரம் இஞ்சயிருந்து அங்க போனது. ரிக்கெட்.

இண்டைக்குக் காலமை பால் வாங்கப் போன மாதிரி இந்த லாச்சியடிக்குத்தான் வந்தவ. முதல் மெசேஜ், எயார்போட்டுக்கு உள்ளுக்குப் போயிட்டன் எண்டு. ரெண்டாவது, பிளேனில ஏறி இருந்திட்டன் எண்டு. அதுவரைக்கும் உங்களை இந்த ஸ்டூலில இருத்தி வைக்க வேண்டிக் கிடந்தது. இல்லாட்டி உங்களோட இவ்வளவு நேரம் கதைக்க எனக்கென்ன விசரே? எங்க போறா எண்டு எனக்கும் தெரியாது. சொல்ல வேண்டாம் பிள்ளை எண்டனான். ரிக்கெட் எடுத்ததும் வேற ஆக்கள், ஒட்டின கவருக்குள்ளதான் அது என்னட்டை வந்தது.

போய் ஆருக்கெண்டாலும் சொல்லுங்கோ. மனிசி வாடகைப் புத்தகத்துக்குள்ளால வெளிய போயிட்டா எண்டு பாங்கில சொல்லுவீங்களோ? சொல்ல மாட்டீங்கள். வெக்கமெண்டு ஒண்டு உங்களுக்கும் கொஞ்சம் இருக்கும்.

எழும்புங்கோ. இல்லை, புத்தகத்தை வச்சிட்டுப் போங்கோ. அடுத்த ஆள் கேட்டிருக்கு.