எகிப்து போட்ட இரண்டு கோல்

லாபிஸ் ரயில் நிலையத்தில் என் பின்னால் நின்ற ரப்பர் தோட்டத்து அண்ணன் தம்பி இருவரும் வெள்ளைக்காரத் துரைமார் அணியோடு பந்து விளையாடப் போய்க்கொண்டிருந்தார்கள். 1934 உலகக் கோப்பையில் எகிப்து ஹங்கேரியிடம் தோற்ற செய்தி தம்பியின் கையிலிருந்த பத்திரிகையில் இருந்தது.

“எகிப்து தோத்தது நல்லதாப் போச்சு,” என்றான் அண்ணன். “இல்லன்னா உன்னப் பிடிக்க முடியாது.”

“நாலுக்கு ரெண்டுண்ணே. வெள்ளக்காரன் வலையில ரெண்டு போட்டிருக்கான்.”

“அவனுக்குத் துரை சோறு போடல. வருஷா வருஷம் நாம விட்டுத்தானே குடுக்கிறோம். பந்து வந்தா வெளிய அடி.”

“உள்ள அடிச்சா?”

“வேலையிலருந்து பேர வெட்டிருவாங்கடா. நாளைக்கே லயத்து வீட்டக் காலி பண்ணணும். அம்மாவ எங்க கூட்டிட்டுப் போவ?”

தம்பி பத்திரிகையை நான்காக மடித்தான். ரயில் வந்துவிட்டது. ஏறிக்கொண்டே சொன்னான்.

“ரெண்டு வேணாம்ணே. ஒண்ணே ஒண்ணு போட்டுக்கிறேன்.”