தட்டில் மிஞ்சிய லாக்கு

— இல்லைங்க, இது பழசு இல்ல. வெளிச்சத்துல வெச்சு நல்லாப் பாருங்க. பழசெல்லாம் கறுத்துப்போய் ஓரம் தேஞ்சிருக்கும். இது பளபளன்னு இருக்கு.

— எங்க கிடந்துச்சு?

— நான் வண்டிச் சாமான் கழுவுற தட்டுல. டீசலை வடிச்சுக் கொட்டினேன், அடியில கிடந்துச்சு. சக்கரத்தைப் பிடிச்சு வெக்கிற புது லாக்கு எதுக்குங்க என் தட்டுக்கு வருது? ஆக்ஸிலுக்குள்ள இல்ல இருக்கணும்?

— பதறாத. ஸ்பேர் கடைக்காரர் கைதவறி ஒண்ணு சேத்துப் போட்டிருப்பாரு.

— அவரா? ஒரு வாஷர் சும்மா கேட்டாலே சொத்துல பங்கு கேட்ட மாதிரி முழிப்பாரு. சும்மா எதையாவது சொல்லாதீங்க. ஏங்க, உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?

— கொஞ்ச நேரம் வாயை மூடு. யோசிக்க விடு. வலது பக்கம் போட்டேன். அது நல்லா ஞாபகம் இருக்கு. இடது பக்கத்துக்கு எடுத்தேன், கையில வெச்சிருந்தேன், அப்பத்தான் நீ சாப்பிடக் கூப்பிட்ட.

— கூப்பிட்டேனா? தொண்டை வத்தக் கத்தினேன். அப்புறம்தான் தலையில என்னத்தையோ ஒட்டிக்கிட்டு வந்து உக்காந்தீங்க. அதைக்கூட நான்தான் எடுத்துப் போட்டேன்.

— எழுந்து வரும்போது லாக்கை உன் தட்டு ஓரத்துல வெச்சேன். வந்து போட்டுக்கலாம்னு.

— வந்து?

— வந்தப்ப தட்டு அங்க இல்ல. நீ கழுவ எடுத்துட்டுப் போயிருந்த. கண்ணுல படாதது கருத்துலயும் படலை. மூடியைப் போட்டு, எண்ணெய் ஊத்தி, முடிச்சுட்டேன்.

— அடப்பாவி மனுஷா! அப்போ நம்ம பொண்ணு வண்டி...

— கத்தாத!

— கத்தாம? இது இல்லைன்னா சக்கரம் கம்பியோட சேந்து உருவிக்கிட்டு வெளிய வந்துடும்னு நீங்கதானே சொல்லுவீங்க? அவ மலை ரோட்டுல இறங்கிட்டிருக்கா. பின்னாடி கண்ணாடி லோடு. பக்கத்துல நம்ம பேத்திக் குட்டி உக்காந்திருக்கு.

— போன் பண்ணு.

— பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். மணி அடிக்குது, எடுக்கமாட்டேங்கிறா. எப்படி எடுப்பா? ஸ்டியரிங்ல கை இருந்தா போனைத் தொடக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி வெச்சது யாரு?

— நான்தான்.

— அவ வண்டி, கோழிக்காரர் வண்டி ரெண்டையும் ஒரே நாள்ல பிரிச்சுப் போடாதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். ஒரே கம்பெனி, ஒரே சைஸ், ஒரே மாதிரி சாமான். ரெண்டு கல்யாணத்துக்கு ஒரே அடுப்புல சமைக்கிற கதை. நல்லா யோசிச்சுப் பாருங்க, அது அவ வண்டிதானா?

— அவ வண்டிதான். வேற எவன் வண்டிக்கும் எனக்குக் கை நடுங்காது. அவ வண்டிக்கு அடியில படுத்தா மட்டும் ஒவ்வொரு நட்டும் அவ உசிரு மாதிரி தெரியும். அன்னிக்கும் நடுங்குச்சு. கிளம்பு.

— எதுல?

— கோழிக்காரர் வண்டி வாசல்ல தயாரா நிக்குது. சாவி ஆணியில தொங்குது பாரு. ஸ்பானர் பெட்டி, எண்ணெய் டின்னு, ஜாக்கி மூணையும் பின்னாடி போடு. அந்த லாக்கைத் தொலைச்சுடாத.

— அவர் வண்டியையா? சாயங்காலம் எடுக்க வருவாரே, கேட்டா?

— டெஸ்ட் ஓட்டினேன்னு சொல்லிக்கலாம். நிஜமாவே இன்னும் ஓட்டிப் பாக்கலை. ஏறு, ஏறு.

— ஏறிட்டேன். போங்க.

— கதவை இழுத்துச் சாத்து.

— சாத்தினா திறந்துக்குது. நீங்க ரோட்டைப் பாருங்க. தூ... வாயைத் திறந்தா இறகு உள்ள போகுது. இந்த மனுஷன் கோழியைப் பின்னாடி ஏத்துறாரா, சீட்டுல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறாரா?

— மறுபடி போன் பண்ணு.

— அடிக்குது. அடிச்சுக்கிட்டே இருக்கு. ஏங்க, உண்மையைச் சொல்லுங்க. எவ்வளவு தூரம் தாங்கும்?

— நேர் ரோடுன்னா தாங்கும். வளைவுலதான் சக்கரத்தை வெளிய இழுக்கும். ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் கொஞ்சமா.

— இந்த ரோட்டுல வளைவைத் தவிர வேற என்னங்க இருக்கு?

— தெரியும். எனக்குத் தெரியாதா? கண்ணாடி ஏத்தியிருக்கா, மெதுவாத்தான் போவா. அதைத்தான் நம்பிக்கிட்டிருக்கேன்.

— நீங்க மெதுவாப் போறீங்களா? அவளைக் காப்பாத்தப் போய் நாம பள்ளத்துல கிடக்கப் போறோம்.

— பயமுறுத்தாத.

— நான் பயமுறுத்தலை, பயப்படறேன். கிளம்பும்போது குட்டி ஜன்னல் வழியா கையாட்டுச்சு. நான் அடுப்பைப் பாத்துக்கிட்டு அரைமனசா கையாட்டினேன். அது வேற மனசைப் போட்டு அறுக்குது.

— ஒண்ணும் ஆகாது. அழாத. நீ அழுதா எனக்கு ரோடு தெரியமாட்டேங்குது.

— பின்னாடி என்னங்க சத்தம்?

— எது?

— டொக்கு டொக்குன்னு. அந்த வளைவுல திரும்பினப்ப கேட்டுச்சு.

— ஜாக்கியா இருக்கும். பின்னாடி உருளுது.

— ஏங்க, போன்! அவதான்! அவளே கூப்பிடறா!

— ஸ்பீக்கர்ல போடு. போடு சீக்கிரம்!

— அம்மா? என்னம்மா, விடாம கூப்பிட்டிருக்கே? யாருக்கு என்ன ஆச்சு?

— அம்மாடி, வண்டி ஓடுதா, நிக்குதா? அதை மொதல்ல சொல்லு!

— நிக்குதுப்பா. குட்டி வாந்தி எடுத்துட்டா. வளைஞ்சு வளைஞ்சு வந்ததுல தலை சுத்திப்போச்சு. என் மடியெல்லாம் நாஸ்தி. கழுவிக்கிட்டிருக்கேன்.

— கண்ணு... அந்த வாந்திக்குக் கோடிக் கும்பிடு. எங்க நிக்கிறே?

— பெரிய வளைவு தாண்டி, அகலமா ஒரு இடம் இருக்கே, அங்க. ஏன்பா உன் குரல் இப்படி இருக்கு?

— சொல்றதைக் கேளு. எதிர்த்துப் பேசாத. வண்டியை ஒரு அடி கூட நகத்தாத. உன் வண்டியில இடது பக்கம் ஆக்ஸில் லாக்கு இல்லைன்னு நினைக்கிறேன்.

— என்னது?

— குட்டியை இறக்கித் தள்ளி உக்கார வை. முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லு போடு. பின்னாடி இடது பக்கம் ஜாக்கி வெச்சுத் தூக்கு, டயர் தரையை விட்டு எழும்பினாப் போதும். அப்புறம் டயரை ரெண்டு கையாலயும் பிடிச்சு உன் பக்கமா இழு. அடியில தலையை விடக்கூடாது, புரியுதா?

— இழுத்தா?

— லாக்கு இருந்தா ஒரு நூல் அசையும், அவ்வளவுதான். இல்லைன்னா கையோட வரும்.

— கண்ணாடி லோடு இருக்குப்பா.

— அதான் மெதுவாத் தூக்குன்னு சொல்றேன். போனை வெச்சுடாத. கேட்டுக்கிட்டே இருக்கேன்.

— சரிப்பா. அம்மா, நீ அழுவுறியா? சும்மா இரும்மா, நான் ஜாக்கியை எடுக்கறேன்.

— நான் அழலைடி, இறகு கண்ணுல விழுந்துடுச்சு. நீ பாத்துப் பண்ணு.

— ஏன் பேசாம இருக்கா? என்ன சத்தம் அது?

— ஜாக்கி ஏத்துறா. கேக்கலையா உங்களுக்கு? ஏங்க, ஏதோ கருகுற நாத்தம் வருதே.

— இறக்கத்துல பிரேக்கு சூடாகும். ஜன்னலை ஏத்திக்கோ.

— ஏத்தினா மட்டும் நிக்கப் போகுதா? மூக்கைப் பிடுங்குது.

— இந்த வண்டி பிரேக்கு வேற சரியாப் பிடிக்கமாட்டேங்குது. புது லைனிங், இன்னும் படியலை போலிருக்கு. அம்மாடி, என்ன ஆச்சு?

— தூக்கிட்டேன்பா. இழுக்கறேன்.

— இரு, பக்கத்துல நிக்காம...

— வரலை.

— என்னது?

— வரலைப்பா. அசையவே இல்ல. மலையை இழுக்கிற மாதிரி இருக்கு.

— நல்லா இழு. காலைத் தரையில ஊனிக்கிட்டு இழு.

— இழுத்துட்டேன். நீ சொன்ன மாதிரி ஒரு நூல், அவ்வளவுதான்.

— அப்போ வலது பக்கமா இருக்கும். பக்கத்தை மாத்திச் சொல்லிட்டேனோ என்னமோ. இறக்கிட்டு அந்தப் பக்கம் பாரு.

— ஏங்க, வலது பக்கம் போட்டது நல்லா ஞாபகம் இருக்குன்னீங்களே?

— எனக்கு இப்போ என் பேரே ஞாபகம் இல்ல. பாக்கட்டும்.

— பாக்கட்டும், பாக்கட்டும். கடவுளே, அந்தப் பக்கமும் கெட்டியா இருக்கணும். நான் வேற எதையும் கேக்கமாட்டேன்.

— மறுபடி அந்தச் சத்தம்.

— உங்களுக்கும் கேக்குதா? இப்போ முன்னைவிட அதிகமா கேக்குது.

— ரோடு சரியில்ல. பேசாம இரு, அவ ஏதோ சொல்றா.

— அப்பா! இந்தப் பக்கமும் கெட்டிதான். ரெண்டு தடவை இழுத்துப் பாத்துட்டேன். எண்ணெய்க் கசிவு கூட இல்ல, சக்கரம் காஞ்சு கிடக்கு. ரெண்டு லாக்கும் ஜம்முன்னு உள்ளதான் இருக்கு.

— நிஜமாவா? நிஜமாவாடி?

— நிஜமாதாம்மா. அப்பா போட்டது கழண்டா வரும்? ரெண்டு பேரும் சேந்து என் உசிரை எடுத்துட்டீங்க.

— என் வயித்துல பாலை வார்த்த, கண்ணு. போன உசிரு இப்பத்தான் திரும்பி வந்துச்சு. இந்த மனுஷன் அழறாருடி. முகத்தைத் திருப்பிக்கிட்டு அழறாரு.

— வேர்வைடி அது.

— சரி, அழுது முடிச்சாச்சுன்னா நான் கிளம்பறேன். லோடுக்குக் காத்துக்கிட்டிருக்காங்க. நீங்க எங்க இருக்கீங்க?

— உன் பின்னாடியேதான் வந்துக்கிட்டிருக்கோம். கோழிக்காரர் வண்டியில.

— அவரைக் கேக்காமயா? தெரிஞ்சா உங்க ரெண்டு பேரையும் கூண்டுல அடைச்சுடுவாரு. திரும்பிப் போங்கப்பா. குட்டி பசிக்குதுங்கிறா. வெச்சுடறேன்.

— போ கண்ணு. மெதுவாப் போ.

— தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. நீயும் ஒரு லாக்கைத் தூக்கிக்கிட்டு வந்து என்னைக் கொல்லப் பாத்துட்ட. கடைக்காரர் சேத்துப் போட்டதுதான் அது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

— இருந்துட்டுப் போகட்டும். நான் அரண்டவளாவே இருந்துட்டுப் போறேன். பொண்ணு நல்லா இருக்கா, அது போதும். நல்ல இடமாப் பாத்துத் திருப்புங்க.

— இந்த வளைவு தாண்டினா அகலமா இருக்கும். திருப்பிடலாம்.

— இருங்க, தலையை ஆட்டாதீங்க. இறகு ஒட்டியிருக்கு, எடுத்து விடறேன்.

— இந்த வண்டிக்குப் பக்கத்துல வந்தாலே ஒட்டிக்கும். அடியில படுத்து எழுந்தா இன்னும் மோசம்.

— ஏங்க.

— என்ன?

— அன்னிக்குச் சாப்பிட வந்தப்ப உங்க தலையில இருந்து எடுத்துப் போட்டேனே. அதுவும் இறகுதாங்க.

— இறகா?

— நம்ம பொண்ணு வண்டியில ஏதுங்க இறகு? அவ கண்ணாடி இல்ல ஏத்துறா?

— பேசாத. கொஞ்ச நேரம் பேசாத.

— அப்போ என் கையில இருக்கிற இந்த லாக்கு...

— கதவைப் பிடிச்சுக்கோ. வெளிய எட்டிப் பாக்காத. ரோடு நேரா வரட்டும், மெதுவா ஓரங்கட்டறேன். ஒண்ணும் ஆகாது.

— அந்தச் சத்தம் நிக்கவே இல்லைங்க.

— அது ஜாக்கி. பின்னாடி ஜாக்கிதான் உருளுது. பதறாத.

— ஜாக்கி என் காலடியில இருக்குங்க.