கசக்காத இலை

சிறியாநங்கையை நிழலில்தான் காயவைக்க வேண்டும். வெயில் பட்டால் வீரியம் குறைந்துவிடும். காய்ச்சலுக்கு அதன் கஷாயமும் பித்தத்துக்குப் பொடியும் கொடுப்போம். ஆனால் சாயல்குடிப் பக்கம் எங்கள் வீட்டைத் தேடி வருவது விஷக்கடிக்குத்தான். கடிபட்டவர் வாயில் பச்சை இலையைக் கொடுத்து மென்று பார்க்கச் சொல்வோம். கசந்தால் பயமில்லை. கசக்காவிட்டால் விஷம் ஏறிவிட்டது என்று பொருள்.

போன மாதம் ஒரு பிற்பகல், என் மருமகள் பூங்கோதை அடுப்புக்குப் பனையோலை உருவும்போது பாம்பு கையில் கடித்துவிட்டது. மகன் ராம்குமார் பைக்கைக் கிளப்பினான்.

"அய்யா, ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

வாசலில் மருந்துக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் கூத்தையா சிரித்தார்.

"மருந்துக்காரரு வீட்டுக்கே ஊசியா? அப்ப நாங்க எங்கன போறது அண்ணாச்சி?"

நான் மகனைப் பார்த்தேன். "ஏலே, வண்டிய அமத்து. மொதல்ல இலையக் குடுப்போம்."

பூங்கோதை மென்றாள். நான் குனிந்து கேட்டேன், "கசக்குதா ஆத்தா?"

"கசக்கல மாமா. வெறும் புல்லு கணக்கா இருக்கு."

மெல்லிய குரல். எனக்கு மட்டும்தான் கேட்டது.

நான் நிமிர்ந்து வாசல் பக்கம் திரும்பிச் சொன்னேன். "நல்லாக் கசக்குதாம். விஷம் ஏறல."

ராம்குமார் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். கூத்தையா கையெடுத்துக் கும்பிட்டார். பூங்கோதை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் சொன்ன சொல்லைப் பலர் முன்னால் மறுக்கவில்லை. நல்ல இடத்தில்தான் பெண் எடுத்திருக்கிறோம் என்று அப்போது நினைத்தேன்.

இலையை அரைத்துக் கொடுத்தேன். திரும்பத் திரும்பக் கொடுத்தேன். நான் சும்மா இருக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் அவளுக்கு இமை தூக்க முடியவில்லை. நாக்கு குழறியது. பிறகு மூச்சு நின்றது.

"கசக்குதுன்னீகளே அய்யா," என்றான் ராம்குமார். அதன்பின் அவன் என்னிடம் பேசவில்லை.

யாரும் என்மேல் புகார் கொடுக்கவில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். எங்கள் வீட்டு இலை பொய்த்துவிட்டது என்று ஊரில் பேசுகிறார்கள். அதைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. இலை சரியாகத்தான் சொன்னது. பொய் சொன்னது நான். எனக்கு என்ன தண்டனையும் கொடுங்கள், சார். இந்த வாக்குமூலத்தில் இந்த ஒன்றை மட்டும் ஊரைக் கூட்டி வாசித்துவிடுங்கள். எங்கள் மருந்தில் ஒரு குறையும் இல்லை.