பேய்க்கிழவியும் ஏழு தகப்பன்மாரும்

...ஊர்ச்சொத்தாம் தம்பி, ஊர்ச்சொத்து! சினிமாக்காரன் கோர்ட்டுல எந்திரிச்சு நின்னு சொல்றான், "பேய்க்கிழவி யாருக்கும் தனிச்சொத்து இல்லீங்க, மக்களோட சொத்து"ன்னு. ஏதோ ஆத்தங்கரை மேய்ச்சல் நிலம் மாதிரி! எவன் வேணா ஆட்டை ஓட்டிட்டு வந்து மேய விட்டுக்கலாமாம்... உக்காரு, உக்காரு. கதவ மெல்லச் சாத்து, ஓங்கிச் சாத்துனா கையோட வந்துரும். பிஷ்கேக்தானே? நானும் தலைநகரத்துக்குத்தான். இன்னும் ரெண்டு ஆள் வந்தாத்தான் வண்டிய எடுப்பானாம். இந்த நாரின் டாக்சி ஸ்டாண்டுல நாலாவது ஆளுக்குக் காத்திருந்தே எனக்குப் பாதித் தலை நரைச்சுப்போச்சு.

இந்தா, குருத் எடுத்துக்க. தயிர உருட்டிக் காய வச்சதுதான், ஆனா கல்லு. வாயில போட்டா ஒரு வார்த்தை பேச முடியாது. அதான் நான் போடறதில்ல. நீ போட்டுக்க.

அந்தா, டீக்கடைச் சுவத்துல போஸ்டர் தெரியுதா? முதுகுல டீ கொதிக்கிற சமோவாரக் கட்டிக்கிட்டு ஒரு கிழவி இளிக்கிறா பாரு, தகரப்பல்லு மினுங்க. எங்கயோ பார்த்த மாதிரி இருக்கா? இருக்கும். உங்க பள்ளிக்கூட லைப்ரரியில என் புத்தகம் இருந்திருக்கும். என்னது... படமா பார்த்தியா? நல்லா இருந்துச்சா? ...நான் கேட்டிருக்கவே கூடாது.

பிஷ்கேக்ல பியூட்டி பார்லர் நடத்துறாளாம் கிழவி! நவீனமாக் காட்டுறாங்களாம்! நடத்திட்டுப் போகட்டும், நான் கேட்டனா? கிழவிய யாரும் பார்லர்ல வைக்கலாம், பார்லிமென்ட்ல கூட வைக்கலாம், அங்க அவள வித்தியாசமாவே யாரும் பாக்க மாட்டாங்க. ஆனா அந்த சமோவார்? ரத்தம் உறிஞ்சுறதுக்கு முன்னாடி, "கண்ணு, உனக்குச் சர்க்கரை எத்தனை கட்டி?"ன்னு மரியாதையாக் கேப்பாளே, அது? கல்யாண வீட்டு ஜன்னலுக்கு வெளியில நின்னு மூக்கச் சிந்திச் சிந்தி அழுவாளே, அது? எல்லாம் இந்த மண்டையில இருந்து வந்தது தம்பி. இந்தத் தொப்பிக்குக் கீழ இருந்து. படத்துல கடைசியில பேரு ஓடுதே, டிரைவர் பேரு, சமையல்காரர் பேரு, குதிரைக்காரன் பேரு... ஒரு குதிரை பேரு கூட வருது! என் பேரு எங்க? காசா கேட்டேன்? பேரு!

எனக்கு வக்கீல் ஒரு பொண்ணு, மேரிம்னு. கெட்டிக்காரி, பேசுனா ஊசி குத்துற மாதிரி இருக்கும். "பெரியப்பா, நெருப்புக் கேட்டு வர்ற பொண்ணோட முழங்கால்ல ரத்தம் உறிஞ்சற கிழவி நாட்டுக்கதையில காலங்காலமா இருக்கா. அவ மேல உங்களுக்கு உரிமை கிடையாது. யாரும் எடுத்து எழுதலாம். நீங்க புதுசா என்ன சேர்த்தீங்களோ அது மட்டுந்தான் உங்களுது. சமோவார், தகரப்பல்லு, சர்க்கரைக் கட்டி"ங்கறா. கிழவிய விட்டுட்டு சாமான்செட்ட மட்டும் தூக்கிட்டு வாங்கன்னு. விவாகரத்து மாதிரி இல்ல? சரின்னுட்டேன். சாமானாவது வரட்டும்.

காதுல என்னத்தையோ மாட்டுறியே... பாட்டு அப்பறம் கேக்கலாம், பாட்டு எங்கயும் ஓடிப் போகாது. ஆமா, நீ யாரு மகன்? எந்தப் பக்கம்? அப்பன், தாத்தன்னு மேல போற ஏழு தகப்பன் பேரு சொல்லு பாப்போம். ...ம்... ம்... ம்... நாலுல நின்னுட்டியா? சரி விடு, பிஷ்கேக்ல வளர்ந்த புள்ளைக்கு நாலே பெரிசு. எங்க காலத்துல ஏழு சொல்லாதவன அடிமைம்பாங்க.

எனக்கு வந்த வினையே அந்த ஏழுதான்.

புத்தகம் வந்தப்ப கலாச்சார மாளிகையில கூட்டம் போட்டாங்க. வெல்வெட் அங்கி, தங்கச் சரிகை, தோள்ல போர்த்தியாச்சு. டி.வி.க்காரன் வேற நிக்கிறான். முன் வரிசையில ஒரு வெள்ளத் தாடி எந்திரிச்சு, "மகனே, இந்தக் கதைய எங்க கேட்ட?"ன்னாரு. நீயே சொல்லு, நான் என்ன சொல்லியிருக்கணும்? "நானா யோசிச்சேன்"னா? சொல்லிருந்தா அந்த அங்கிய அங்கயே உருவியிருப்பாங்க! நம்ம ஊர்ல ஜனங்க கிட்ட கேட்டேன்னா பொக்கிஷம், நானா யோசிச்சேன்னா பொய்யி. அதனால சொன்னேன். "மலையில ஒரு கிழட்டு மேய்ப்பர் சொன்னது பெரியவரே. ஒரு உப்புக்கல்லு கூட நான் போடல."

அதோட விட்டானா தாடிக்காரன்? "மேய்ப்பர் பேரு?" ஒமுர்ஸாக்னேன். "ஒமுர்ஸாக் யாரு மகன்?" ...போச்சு. ஏழு தகப்பன் கேக்குறான்! நின்ன இடத்துல ஏழு பேரு பொய்யாச் சொல்லிப் பாரேன், மூணாவதுலயே நாக்கு ஒட்டிக்கும். எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது ரெண்டே வரிசை. ஒண்ணு என் வம்சம். அதச் சொன்னா மேய்ப்பன் என் தாத்தாவுக்குச் சொந்தமாயிடுவான். எங்க தாத்தாவ ஊரே அறியும், அவரு ஆடு மேய்ச்சவரு இல்ல, ஆடு களவாண்டவரு. இன்னொண்ணு என் பொண்டாட்டி வம்சம். ஆத்பாஷிப் பக்கம். மாப்பிள்ளைப் பரீட்சைக்குப் படிச்சது, மறக்கல. கிட்டத்து மூணு பேர விட்டுட்டு மேல உள்ளதக் கடகடன்னு ஒப்பிச்சேன், எவன் எண்ணுறான்!

மண்டபத்துல ஒரு ஆள் ஓன்னு அழறான். யாருன்னு பார்த்தா என் மச்சான்! துர்கனாலி. குதிரை உதைச்சாக் கூட அழாத ஆளு. "எங்க கொள்ளுத் தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தாரு. அந்தப் பெரிய ஓட்டத்துல, ஜார் பட்டாளம் சுட்டுக்கிட்டே வந்து ஊரே தப்பி ஓடுனப்ப, சீனாப் பக்கம் கணவாய் ஏறுனவரு திரும்பல. பிள்ளை இல்லாதவரு, பேரு கூட வரிசையில நிக்கல. மாப்ள, அவரு திரும்பி வந்திருக்காரு! ஆடு மேய்ச்சிருக்காரு!"ன்னு என்னைக் கட்டிக்கிட்டான். மச்சான் அழறான், டி.வி. எடுக்குது, ஜனங்க கண்ணத் தொடைக்குது. அந்த நேரத்துல, "இல்ல மச்சான், உங்க தாத்தா என் கற்பனை"ன்னு சொல்ல எனக்கு வாய் வரல. உனக்கு வருமா? சும்மா தலையாட்டாத.

போன வாய்தாவுல அன்னைக்கு டி.வி.க்காரன் எடுத்த படத்தப் போட்டுக் காட்டுறான் சினிமாக்காரனோட வக்கீல்! பெரிய திரையில நானு, அங்கியும் இளிப்புமா, "ஒரு உப்புக்கல்லு கூட நான் போடல." மேரிம் தலையில கை வச்சுக்கிட்டா. ஜட்ஜம்மா என்னையப் பார்த்து, "அப்ப சமோவாரும் மேய்ப்பர் சொன்னதுதானா?"ங்கறாங்க. யோசிச்சுச் சொல்றேன்னு வந்துட்டேன். நாளைக்குச் சொல்லணும். மேய்ப்பன் பொய்னா கிழவியோட சாமான் என்னுது. மேய்ப்பன் நெசம்னா எல்லாம் ஊர்ச்சொத்து, என் பேரு குதிரைக்கும் கீழ.

அதே நாளைக்குத்தான் ஆத்பாஷியில ஆஷ். ஒமுர்ஸாக்குக்கு! செத்தவருக்கு ஊர் கூட்டிப் போடுற விருந்து. பொறக்காதவனுக்கு! குதிரை அடிச்சாச்சு, கூடாரம் கட்டியாச்சு, குன்னு மேல கல்லு நட்டாச்சு. என் பொண்டாட்டி நேத்தே போயிட்டா, என் அங்கிய இஸ்திரி போட்டு எடுத்துக்கிட்டு. அவளுக்குத் தெரியாதா? அவங்க வீட்டு ஏழு பேரையும் எனக்குச் சொல்லிக் குடுத்தவளே அவதான். அன்னைக்கும் கேக்கல, இன்னைக்கும் கேக்கல. வண்டி ஏறுறப்ப ஒண்ணே ஒண்ணு சொன்னா. "அண்ணன் இப்பதான் நிம்மதியாத் தூங்கறாரு. எங்க வேணா போங்க, யோசிச்சுப் போங்க."

யோசிச்சேன். யோசிச்சுத்தான் பிஷ்கேக் வண்டியில உக்காந்திருக்கேன். முப்பது வருஷ எழுத்துல உருப்படியா நான் பண்ணுனது அந்தச் சமோவார் ஒண்ணுதான் தம்பி. அதையும் விட்டுட்டா நான் யாரு?

...என்ன கேட்ட? சத்தமாச் சொல்லு, குருத்தத் துப்பிட்டுச் சொல்லு.

எப்படி இருப்பாருன்னா? யாரு, ஒமுர்ஸாக்கா? நல்ல கேள்வி கேட்ட போ, பேரு கேட்டாங்க, வம்சம் கேட்டாங்க, இத ஒருத்தரும் கேக்கல! குள்ளம். ஒரு காது பனியில போச்சு, அதனால தொப்பியச் சாய்ச்சுத்தான் போடுவான். ஆடுகளுக்குப் பேரு வைக்க மாட்டான், பேரு வச்சா வெட்ட மனசு வராதுன்னு. கணவாயில அண்ணன் கையப் பிடிச்சிருந்தான், பனிக்காத்துல கை நழுவிப்போச்சு, அண்ணன் செத்துட்டாருன்னே நெனச்சுக்கிட்டான். அதான் திரும்பி வந்தும் வீட்டுக்குப் போகல. என்ன மூஞ்சியோட போறதுன்னு மலையிலயே இருந்துட்டான்... இது புத்தகத்துல இல்ல. இப்பதான் தோணுது.

அந்தக் கல்லுல துர்கனாலி என்ன செதுக்கி வச்சிருக்கான் தெரியுமா? முறுக்கு மீசை, கையில கழுகு! போட்டோ அனுப்பியிருக்கான். கழுகாம்! கழுகக் கண்டா ஆட்டுக்குட்டிய அங்கிக்குள்ள ஒளிச்சுக்கிட்டு ஓடுற ஆளு அவன்! நாளைக்கு ஊரே குந்தி, குதிரைக்கறி தின்னுக்கிட்டு, வீரன் சூரன்னு கண்டதையும் அளந்து விடும். ஒருத்தன் சொல்லுவான் புலியக் கொன்னான்னு. அதையும் தலையாட்டிக் கேப்பானுங்க. அந்தக் காதப் பத்தி, கை நழுவுனதப் பத்தி யாரு சொல்லுவா அங்க?

டிரைவரே! ஏய், டிரைவரே! ஆத்பாஷி வண்டி எங்க நிக்குது? அந்த வெள்ளை வண்டியா? ஒரு ஆள்தான் பாக்கியா? ...திட்டு, நல்லாத் திட்டு, இன்னும் மூணு ஆள் பிடிக்கணும்னு எனக்கும் தெரியும். என் பையக் குடு தம்பி. நீ பிஷ்கேக் போனதும் மேரிமுக்கு ஒரு போன்... வேண்டாம், நானே சொல்லிக்கறேன், உன்னையும் சேர்த்துத் திட்டுவா.

என்னது, கிழவியா? சினிமாக்காரனே வச்சுக்கட்டும். அவளுக்கென்ன, எங்க கொண்டு விட்டாலும் பொழைச்சுக்குவா. ஒமுர்ஸாக்குக்கு என்னைய விட்டா யாரு இருக்கா?