நோரீன் கடைக்கு ஒரு லேத்

— துப்பாக்கிக் குழலை லேத்துக்குள்ள விட்டுப் பாரு, நோரீன். பளபளப்பைப் பாத்து மயங்காத.

— விட்டுட்டேன், வெர்ல். துவாரத்துல தாராளமா போகுது.

— பின்பக்கம் போய்ப் பாரு. குழலோட முனை தெரியுதா?

— இல்ல.

— எப்படித் தெரியும்? இந்த லேத்துக்குக் குழலைப் பிடிச்சுச் சுத்துற தலை மட்டுமே முப்பது அங்குலம். உன் குழல் இருபத்தி நாலு. மலைப்பாம்பு முழுங்கின முயல் மாதிரி உள்ள கிடக்கு. பின்னாலயும் திருகு வச்சுப் பிடிச்சாத்தானே ஆடாம சுத்தும்?

— நீளக் குழலா வாங்கிக்கிறேன்.

— தாயே, இந்த மொன்டானாவுல எல்க் மான் வேட்டைக்கு வர்றவன் எவன் மூணடிக் குழலைத் தூக்கிட்டு மலை ஏறுவான்?

— சிரிக்காத. சரி, அந்தப் பச்சை லேத்? பழசுதான், ஆனா தலை குட்டை. குழல் ரெண்டு பக்கமும் எட்டிப் பாக்குது.

— குழலைக் கவ்வுற சக் பக்கத்துல, உளி நகர்ற மேடையை ஆட்டிப் பாரு. லூசா இருக்கா?

— கொஞ்சம்.

— அங்கயே இறுக்கிட்டு, சக்கரத்தைச் சுத்தி அந்தக் கோடிக்குக் கொண்டு போ.

— போகுது... போகுது... நின்னுடுச்சு.

— மேடை ஓடுற தண்டவாளம் சக் பக்கம் மட்டும் தேஞ்சு கிடக்கு பாரு. இதுல நீளமா கடைஞ்சா ஒரு முனை பருமன், ஒரு முனை ஒல்லி.

— உனக்கு எல்லாத்துலயும் குத்தம். காலையிலேருந்து பழைய லேத் விக்கிற மூணு இடம் பாத்தாச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள லேத் வந்து நிக்கலைன்னா, துப்பாக்கி பழுது பாக்க நான் வாடகைக்குப் பேசி வச்ச கடையைச் சேணம் தைக்கிறவனுக்குக் கொடுத்துடுவாங்க. தெரியும்ல?

— தெரியும்.

— தெரிஞ்சேதான் தட்டிக் கழிக்கிறியா? நான் தனியா கடை போடக் கூடாதுன்னு?

— அப்படியா நினைக்கிற?

— வேற எப்படி நினைக்க? பதினாறு வருஷம் உன்கூட வாழ்ந்திருக்கேன். விவாகரத்துல வீடு எனக்கு, லேத் உனக்குன்னாங்க. நான் அழுதது லேத்துக்குத்தான். வாயைத் திற ராசா. இந்த ஊமைத்தனம் தாங்காமத்தான் கோர்ட்டுக்கே போனேன்.

— ஒரு நிமிஷம் இரு. சொல்றேன்.

— இருக்கேன்.

— நீ போனப்புறம் நம்ம பழைய கடைக்குத் துப்பாக்கி ரிப்பேருக்கு வந்தவங்க எல்லாரும் வாசல்லயே நின்னு, ‘நோரீன் இல்லையா’ன்னு கேட்டாங்க. இல்லைன்னதும் துப்பாக்கியை உறையிலேருந்து வெளிய எடுக்காமலே திரும்பிப் போயிட்டாங்க.

— அதை ஏன் இப்ப சொல்ற?

— செவ்வாய்க்கிழமை நம்ம லேத்தைத் தரையிலேருந்து கழட்டிட்டேன். வெளிய என் வண்டிக்குப் பின்னால டிரெய்லர்ல இருக்கு.

— தார்ப்பாய்க்குள்ள இருக்கிறது உங்க அண்ணன் வீட்டு அடுப்புன்னு சொன்னியே?

— பொய்.

— அதை இழுத்துக்கிட்டா காலையிலேருந்து என் பின்னால சுத்துற? அப்புறம் எதுக்கு இந்த மூணு இடம்?

— அதைவிட நல்லது கிடைச்சா நீ அதையே எடுத்துக்கலாம்னுதான். வேற வழியில்லாம என்கிட்ட வாங்கினோம்னு உனக்கு இருக்கக் கூடாது பாரு.

— வெர்ல்... லேத்தைக் கொடுத்துட்டு நீ என்ன பண்ணுவ?

— உன் கடைக்கு வேலைக்கு ஆள் எடுக்கிறியா?