கான்டெசாவின் பின்சீட்

வலது தோள் வலிக்கிறது, ஐயா. கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறேன். டிரை ஐஸ் அடிக்கிற குழாய் கையில் உதைத்துக்கொண்டே இருக்கும். நாள் முழுக்கப் பிடித்தால் சோறு பிசையக்கூடக் கை எழும்பாது.

எங்கள் வேலையில் சூட்சுமம் ஒன்றும் இல்லை. உறைந்த கரியமில வாயுவை அரிசி மாதிரிப் பொடித்துக் காற்றோடு அடிப்போம். காருக்கு அடியில் வருஷக்கணக்கில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கு உதிர்ந்துவிடும். தண்ணீர் படாது, துரு பிடிக்காது. ஐஸ் அப்படியே வாயுவாகப் போய்விடும், தரையில் அழுக்கு மட்டும் கிடக்கும். அடைத்த இடத்தில் அந்த வாயு ஆளின் மூச்சை நிறுத்திவிடும், அதனால் ஷெட் கதவை எப்போதும் திறந்தே வைத்திருப்போம். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் இதைச் செய்கிறவர்கள் குறைவு. அதனால்தான் கஜபதி என்னிடம் வந்தார்.

பழைய கான்டெசா கார். ஆவடி முதல் பூந்தமல்லி வரை வாட்டர் வாஷ் கடைகளில் எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் எங்கள் ஷெட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவருடைய முலாம் பட்டறையில் வேலை பார்த்தது நானில்லை, என் தம்பி அலெக்ஸ்.

"உள்ள பெயின்ட்டுக்கு ஒண்ணும் ஆவாதே? லெதர் சீட்டு வெடிச்சுடப் போவுது. மொதல்ல ஒரு மூலையில அடிச்சுக் காட்டுப்பா" என்றார்.

அடித்துக் காட்டினேன். என் தம்பியைக் கழிவுத் தொட்டிக்குள் இறக்கிய அன்று அவர் இத்தனை கேள்வி கேட்கவில்லை. உள்ளே மூச்சுவிடக் காற்று இருக்கிறதா என்று ஒன்று கேட்டிருந்தால் போதும். அவனைப் பிணமாக மேலே தூக்கிப் போட்ட பிறகு, "குடிச்சிட்டு எறங்கிட்டான்" என்றார். போலீஸிலும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். பட்டாபிராம் மாதா கோயிலில் அவனுக்குப் பூசை வைக்கப் போன எங்கள் அம்மா லூர்தம்மாளிடம், "குடிச்சு செத்தானே, அந்தப் புள்ளைக்கா?" என்று கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்த அம்மா அதற்கப்புறம் கோயிலுக்குப் போகவில்லை.

வண்டியை விட்டுவிட்டுக் கஜபதி டீ குடிக்கப் போனார். டிரைவர் டில்லிபாபு அங்கேயே எண்ணெய் டிரம் மேல் உட்கார்ந்துகொண்டான். கள்ளிக்குப்பத்துக்காரன். வாய் ஓயாது.

"எங்க ஓனரு பொண்டாட்டியக்கூட இப்டி பாத்துக்கினது இல்ல அண்ணாத்தே. இந்த வண்டிக்குத் தும்மல் வந்தா ஆஸ்பத்திரில சேத்துடுவாரு."

"நீ எப்பவாவது பின்சீட்டுல உக்காந்துகீறியா?"

"நானா? நல்லா கேட்ட போ. மத்தியானம் துன்னுட்டு வந்து அவுரு படுத்துக்குவாரு. கண்ணாடியெல்லாம் ஏத்திகினு கொறட்டை. நான் வெளிய வெயில்ல காவல்."

அவன் சொன்னதை வைத்துத்தான் முடிவு செய்தேன். வேலை முடிந்ததும் மிச்ச ஐஸைத் துணியில் சுற்றிப் பின்சீட்டுக்கு அடியில் வைத்தேன். அங்கிருந்து நேராக ஐயப்பன்தாங்கலில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார்கள். டில்லிபாபு கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே போட்டு ஓட்டுகிறவன், வழியில் அவனுக்கு ஒன்றும் ஆகாது. அதையும் யோசித்துத்தான் வைத்தேன். முன்பின் பார்க்காமல் செய்கிறவன் இல்லை நான்.

மத்தியானம் டில்லிபாபு போன் செய்தான். சாப்பாடு முடிந்து கஜபதி மண்டபத்திலேயே சொந்தக்காரர்களோடு சீட்டாட உட்கார்ந்துவிட்டாராம்.

"பின்சீட்டு சும்மா சில்லுனு கீது அண்ணாத்தே. அந்தாளு இப்ப வர மாட்டாரு. நான் கொஞ்சம் படுத்துக்கவா? மருந்து கிருந்து எதுனா சட்டையில ஒட்டுமா?"

வேண்டாம் என்றால் ஏன் என்பான். சீட்டைத் தூக்கிப் பார்ப்பான். பார்த்ததைக் கஜபதியிடம் சொல்லாமல் இருக்க மாட்டான். அதற்குப் பிறகு அந்த மனிதர் என் கைக்குக் கிடைக்கவே மாட்டார். இவ்வளவையும் நான் நிதானமாகத்தான் யோசித்தேன், ஐயா.

"ஒண்ணும் ஒட்டாது, படுத்துக்கோ. கண்ணாடிய ஏத்திக்கோ, தூசி வரும்" என்றேன்.

"நீதான் அண்ணாத்தே மனுசன்" என்றான்.

காரைச் சோதித்த உங்கள் ஆட்களுக்கு ஒரு பழைய துணி கிடைத்திருக்கும். வண்டி துடைக்கிற துணி என்று விட்டிருப்பார்கள். நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். நேற்று சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். கஜபதி மாலையோடு வந்தார். டில்லிபாபுவின் மனைவி சாமுண்டீஸ்வரியிடம் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "குடிச்சிட்டு என் வண்டில படுத்துட்டான்மா" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் அம்மா குனிந்த மாதிரியே.

டில்லிபாபு அன்று குடிக்கவில்லை. என்னோடு பேசியபோது தெளிவாக இருந்தான். அதை முதலில் எழுதுங்கள். அதற்குக் கீழே, நான்தான் கொன்றேன் என்று எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்று. அது கஜபதி படுக்க வேண்டிய சீட்டு, கஜபதி தூங்க வேண்டிய நேரம். அவர் சீட்டாட்டத்தை விட்டு எழுந்து வந்திருந்தால் டில்லிபாபு வழக்கம்போல வெயிலில் நின்றிருப்பான். அவர் வரவில்லை. அதுவரை அவர் எனக்கு ஓர் உயிர் பாக்கி வைத்திருந்தார்.

இப்போது இரண்டு.